காஸான் கான்: கலிமாவும் வரிச்சுவடியும்

ஹிஜ்ரி 656 ஸஃபர் மாதத்தில் (1258 பிப்ரவரி) பக்தாத் மாநகரம் ஹுலாகு கானிடம் வீழ்ந்ததை அறியாத முஸ்லிம் வாசகர் அரியர். கலீஃபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டதும், நூலகங்கள் பாழானதும், மக்கள் பெருந்தொகையில் மாண்டதும் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அந்தப் பேரழிவு நிகழ்ந்து 37 ஆண்டுகள் கழிந்தபின், அதே ஹுலாகுவின் கொள்ளுப்பேரர் ஒருவர் கலிமா மொழிந்து, மஹ்மூது என்னும் பெயர் சூடி, பாரசீகத்தின் அரியணையில் அமர்ந்தார். அவரே காஸான் கான் (1271–1304). வென்றவர்களை இஸ்லாம் வென்றது என்று இதனை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது நமக்கு வழக்கமாகி விட்டது. அந்த வரி பொய்யன்று. ஆயினும் அது ஒரு தொடக்கத்தை மட்டுமே சொல்கின்றது. மன்னர் கலிமா மொழிந்த மறுநாள் குடியானவரின் வீட்டில் என்ன மாறியது? ஒரு முஸ்லிம் மன்னரின் படை இன்னொரு முஸ்லிம் நாட்டின்மீது பாய்ந்தபோது அக்கால உலமாப் பெருமக்கள் அதனை எப்படி நோக்கினர்? காஸானின் ஒன்பதாண்டுக் கால ஆட்சி இவ்விரு வினாக்களையும் நம்முன் வைக்கின்றது.

அவரது வரலாற்றுக்கு நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று ரஷீதுத்தீன் ஃபழ்லுல்லாஹ் எழுதிய ஜாமிஉத் தவாரீக் ஆகும். அவர் காஸானின் அமைச்சர். தாம் நடத்திய ஆட்சிச் சீர்திருத்தங்களைத் தாமே வரலாறாக எழுதியவர். ஆதலின் அவர் தரும் புகழுரைகளைச் சற்று நிறுத்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும். நல்வாய்ப்பாக ஷாம், எகிப்து நாட்டு வரலாற்றாசிரியர்களும், ஷீராஸைச் சேர்ந்த வஸ்ஸாஃபும், சிரியாக் மொழியில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர்களும் வேறு கோணங்களிலிருந்து பார்த்து எழுதி வைத்துள்ளனர். அனைத்தையும் ஒப்பிட்டே இக்கட்டுரையை அமைக்கின்றோம்.

இளமையும் கல்வியும்

ஹுலாகுவின் மகன் அபாகா. அவர் மகன் அர்கூன். அர்கூனின் மகன் காஸான். 1271 நவம்பரில், காஸ்பியன் கடலோரத்து மாஸந்தரான் பகுதியில் அவர் பிறந்தார். பாட்டனார் அபாகாவின் அரண்மனையிலேயே பெரிதும் வளர்ந்தார். பௌத்தத் துறவிகளான பக்‌ஷிகள் அவருக்கு ஆசான்களாக அமைந்தனர். எழுத்தும், குதிரையேற்றமும், வில்வித்தையும் ஒருங்கே கற்பிக்கப்பெற்றன. பிற்காலத்தில் அவர் குராசானின் ஆளுநரானபோது கபூஷான் என்னும் ஊரில் பௌத்த ஆலயங்களைக் கட்டினார் என்பதையும் ரஷீதுத்தீன் மறைக்காது பதிவு செய்கின்றார். பாரசீகம், மங்கோலியம் ஆகியவற்றோடு வேறு பல மொழிகளிலும் அவருக்கு ஓரளவு பழக்கம் இருந்தது. கொல்லர், தச்சர் வேலைகளைத் தம் கையால் செய்வதிலும், மூலிகைகளை ஆராய்வதிலும், தம் குலத்தின் வமிச வரலாற்றை மனப்பாடமாகச் சொல்வதிலும் அவர் ஆர்வம் மிக்கவராயிருந்தார்.

அவர் முதல் அரசர் அல்லர். இல்கானிய மரபில் இஸ்லாத்தைத் தழுவிய முதல்வரும் அல்லர். ஹுலாகுவின் மக்களுள் ஒருவரான தகூதார், அஹ்மது என்ற பெயருடன் 1282 இல் அரியணை ஏறினார். ஈராண்டுகளில் காஸானின் தந்தை அர்கூன் அவரை வீழ்த்திக் கொன்றார். 1284 இல் முஸ்லிம் மன்னரைத் தாங்கிக்கொள்ள இயலாத ஓர் அரசு, 1295 இல் அவ்வாறான ஒருவரை எப்படி ஏற்றது? விடை படையணிகளுள் இருந்தது. இவ்விடைப்பட்ட காலத்தில் பாரசீக மண்ணில் பிறந்து வளர்ந்த மங்கோலிய வீரர்கள் பலர், சூஃபி ஷைகுமார்களின் தொடர்பாலும், அண்டை வாழ்ந்த மக்களின் பழக்கத்தாலும், ஏற்கெனவே முஸ்லிம்களாகி இருந்தனர். மன்னர் முன்னே சென்று படையினரை அழைத்தார் என்பதினும், படையினர் சென்ற வழியில் மன்னர் வந்து சேர்ந்தார் என்பதே பொருத்தமாகும்.

1295: கலிமாவும் அரியணையும்

1291 இல் அர்கூன் மறைந்தார். அவரை அடுத்துவந்த கைகாத்து, கஜானாவைக் காலி செய்யும் அளவுக்குக் கொடை வழங்கினார். கால்நடைக் கொள்ளை நோயும் சேர்ந்துகொண்டது. பொன்னும் வெள்ளியும் தீர்ந்துபோன நிலையில், 1294 இல் சீன முறையைப் பின்பற்றித் தப்ரேஸ் நகரில் 'சாவ்' என்னும் காகிதப் பணம் வெளியிடப்பட்டது. அதில் கலிமா ஷஹாதத்தும் பொறிக்கப்பட்டிருந்தது. மக்கள் அதனைத் தொடவும் மறுத்தனர். கடைத்தெருக்கள் வெறிச்சோடின, உணவுப் பண்டங்கள் மறைந்தன. சுமார் இரண்டு திங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. புனித வாசகத்தைப் பொறிப்பதால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிடாது என்பதைத் தப்ரேஸ் வணிகர்கள் அன்றே உணர்த்தி விட்டனர்.

1295 வசந்தத்தில் கைகாத்துவை வீழ்த்தி, உறவினரான பைது அரசைக் கைப்பற்றினார். குராசானில் இருந்த காஸான் போட்டிக்கு எழுந்தார். அவர்தம் பக்கத்தில் நவ்ரூஸ் என்னும் தளபதி இருந்தார். இவர் முன்னர்ப் பல ஆண்டுகள் காஸானை எதிர்த்துக் கலகம் செய்து, 1294 இல் சமாதானமாகி வந்தவர், உறுதியான முஸ்லிம். இஸ்லாத்தைத் தழுவினால் நாட்டு மக்களும், படையில் உள்ள முஸ்லிம்களும் உம் பக்கம் திரும்புவர் என்று அவரே காஸானுக்கு எடுத்துரைத்தார். ஹிஜ்ரி 694 ஷஃபான் மாத முற்பகுதியில் (1295 ஜூன்), தமாவந்த் மலையடியிலுள்ள லார் பள்ளத்தாக்கில், தம் தந்தை அர்கூன் கட்டிய மாளிகையில், குளித்துப் புத்தாடை அணிந்து, ஷைகு ஸத்ருத்தீன் இப்ராஹீம் ஹம்மூயீயின் முன்னிலையில் காஸான் கலிமா மொழிந்தார். அவருடன் தளபதியர் பலரும் மொழிந்தனர். அடுத்து வந்த ரமழானில் அவர் நோன்பு நோற்றார். அக்டோபரில் பைது பிடிபட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் காஸான் முடிசூடினார்.

இது உள்ளத்தின் மாற்றமா, அரசியல் கணக்கா? இவ்வினா அக்காலத்திலேயே எழுந்தது. ரஷீதுத்தீன் அது உண்மையான ஈமான் என்று வாதிட்டு எழுதியிருப்பதே, ஐயப்பட்டவர் இருந்தனர் என்பதற்குச் சான்று. ஸலாஹுத்தீன் ஸஃபதீ என்னும் மம்லூக் கால ஆசிரியர் ஒரு செய்தியைத் தருகின்றார். தம் தந்தையின் விதவை புலுகான் காத்தூனை மங்கோலிய வழக்கப்படி காஸான் மணந்திருந்தார். ஷரீஅத்தில் அது விலக்கப்பட்டது என்று அறிந்ததும் அவர் கலங்கினார். மார்க்கத்தையே விட்டுவிடும் எண்ணம்கூட எழுந்ததாம். அர்கூன் முஸ்லிம் அல்லாதவராக இருந்தமையால் அவரது மணம் ஷரீஅத்தின் கணக்கில் செல்லாது என்று ஓர் ஆலிம் கூறிச் சிக்கலை அவிழ்த்தார். இந்நிகழ்ச்சியை ஏளனத்திற்குரியதாக நாம் கருதவில்லை. யாஸா என்னும் செங்கிஸ் கானின் சட்டத்திலிருந்து ஷரீஅத்துக்கு ஒரு மனிதர் ஒரே நாளில் கடந்துவிட முடியாது என்பதையே இது காட்டுகின்றது. உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. வரலாறு செயலை மட்டுமே பார்க்க வல்லது. எனவே நாமும் செயலுக்கே வருவோம்.

முதல் ஆண்டுகளின் கடுமை

தொடக்கம் இனிதாக இல்லை. நவ்ரூஸின் ஆதிக்கத்தில் பௌத்த ஆலயங்களும், தேவாலயங்களும், யூதர்களின் தொழுகையிடங்களும் இடிக்கப்பட்டன. மராகாவில் கிழக்குத் திருச்சபையின் தலைவர் மார் யஹ்பல்லாஹா சிறைப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார் என்று அவரது சிரியாக் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. வேத மக்களுக்கு ஷரீஅத் வழங்கும் பாதுகாப்புக்கு இவை முற்றிலும் முரணானவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மன்னர் சற்று வலுப்பெற்றதும் இக்கொடுமைகளை நிறுத்தினார். அத்திருச்சபைத் தலைவர் மீண்டும் அரசவையில் மதிக்கப்பெற்றார். பக்‌ஷிகளைப் பொறுத்தவரை, ஒன்று இஸ்லாத்தை ஏற்க வேண்டும், அன்றி நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே ஆணையாயிற்று. தம் பழைய ஆசான்கள் சிலர் வெளிக்கு முஸ்லிம்களாகவும் உள்ளுக்குப் பழைய நெறியினராகவும் இருப்பதைக் கண்ட காஸான், விரும்புவோர் இந்தியாவுக்கோ, காஷ்மீருக்கோ, திபெத்துக்கோ செல்லலாம் என்றார்.

நவ்ரூஸின் முடிவும் கொடியதே. எகிப்தின் மம்லூக்குகளுடன் கள்ளத்தொடர்பு வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் அவருடைய உறவினர் பலர் கொல்லப்பட்டனர். அவர் ஹிராத் நகரில் அடைக்கலம் புகுந்தார். அந்நகரின் தலைவர் அவரை ஒப்படைத்து விட்டார். 1297 ஆகஸ்டில் அவர் கொல்லப்பட்டார். தம்மை இஸ்லாத்துக்கு அழைத்த மனிதரையே கொன்றவர் என்ற பழி காஸானைத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அமைச்சர் ஸத்ருத்தீன் ஸன்ஜானீயும் கொல்லப்பட்டார். அதன் பின்னரே ஸஅதுத்தீன் ஸாவஜியும், மருத்துவராகப் பணியாற்றி வந்த ரஷீதுத்தீனும் அமைச்சர்களாயினர். யூதக் குடும்பத்தில் ஹமதானில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் ரஷீதுத்தீன்.

குடியானவரின் கதவில் பொறித்த ஆணை

மங்கோலியப் படையெடுப்புக்குப் பின் பாரசீகக் குடியானவர் பட்ட பாட்டை ரஷீதுத்தீன் எழுதியதைப் போல் வேறு எவரும் எழுதவில்லை. ஆளுநர்கள் ஒரே ஆண்டில் ஒரே வரியைப் பத்து முறையும், இருபது முறையும் வசூலித்தனர். தண்டிய பணம் கஜானாவுக்குச் செல்லவில்லை. கடன்காரருக்கும் படைவீரருக்கும் கஜானாப் பணத்துக்குப் பதிலாக 'பராத்' என்னும் வரிச்சீட்டுகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. சீட்டை வைத்திருப்போர் கிராமங்களை மொய்த்தனர். யஸ்து பகுதியில் ஊருக்குள் நுழைந்தால் மனித முகத்தையே காண இயலாது. எஞ்சிய சிலரும் கூரைமேல் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி, வசூலிப்போர் தொலைவில் தெரிந்ததும் ஓடி ஒளிந்தனர். அரசத் தூதர்கள் வீடுகளில் தங்கி உணவும் பொருளும் பறித்தமையால், தம் வீட்டை வேண்டுமென்றே பாழாக விட்டுவைத்தவர்களும் உண்டு.

காஸானும் அவர் அமைச்சர்களும் செய்தது இதுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எழுத்தர்களை அனுப்பி, ஊர் ஊராக நிலத்தையும் வருவாயையும் பதிந்து வரிச்சுவடிகளைத் தொகுத்தனர். ஓர் ஊர் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு, எந்தத் தவணையில் செலுத்த வேண்டும் என்று திட்டம் செய்தனர். அதற்கு மேல் ஒரு காசும் கேட்கக்கூடாது, பராத் எழுதக்கூடாது. இந்த விகிதத்தை மரத்திலோ, கல்லிலோ, செம்பிலோ, இரும்பிலோ, சுதைப் பூச்சிலோ பொறித்து, எல்லாரும் காணுமாறு ஊரில் நிறுத்த வேண்டும். எழுத்தறிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும், அநியாயம் கேட்க வந்தவரிடம் அதனைச் சுட்டிக் காட்டலாம். அரசனின் வாக்கைக் காகிதத்திலிருந்து கல்லுக்கு மாற்றிய இச்செயலை அவருடைய பணிகளுள் தலையாயதாக நாம் கருதுகின்றோம்.

இத்துடன் அஞ்சல் நிலையங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டு, தூதர்கள் குடிமக்கள் வீட்டில் தங்குவது தடுக்கப்பட்டது. எடைகளும் அளவைகளும் தப்ரேஸ் முறையில் ஒன்றாக்கப்பட்டன. நாணயத்தின் வெள்ளி எடையும் தூய்மையும் நாடெங்கும் ஒரே தரமாயின. ஆறு திர்ஹம் ஒரு தீனார் எனக் கணக்கு நிலைபெற்றது. நாணயத்தில் கலிமா பொறிக்கப்பட்டது. சீனாவிலிருந்த பேரரசர் கானின் பெயர் நீங்கியது. வட்டி தடை செய்யப்பட்டது. பழைய பத்திரங்களைக் காட்டி நிலத்தைப் பறிக்கும் மோசடியைத் தடுக்க, 30 ஆண்டுகளாக எழுப்பப்படாத வழக்குகளைக் காழிகள் ஏற்கலாகாது என்று விதிக்கப்பட்டது. அடிமைப் பெண்களை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக விலைமகளிர் இல்லங்களுக்கு விற்பது தடுக்கப்பட்டது. பாழ்நிலத்தைப் பண்படுத்துவோருக்கு வரிச்சலுகை கிடைத்தது. ஹம்துல்லாஹ் முஸ்தவ்ஃபீ தரும் கணக்கின்படி, காஸானுக்கு முன் 1,700 தூமான் (1 கோடியே 70 லட்சம் தீனார்) இருந்த அரசு வருவாய், அவர் காலத்தில் 2,100 தூமானாக (2 கோடியே 10 லட்சம் தீனார்) உயர்ந்தது. கொள்ளையைக் குறைத்ததால் வருவாய் கூடியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இச்சீர்திருத்தத்தின் உந்துதல் இரக்கம் மட்டுமே என்று சொல்வதற்கில்லை. தம் மங்கோலியத் தளபதியரிடம் காஸான் பேசியதாக ரஷீதுத்தீன் தரும் உரையின் சாரம் இது: குடியானவர்களைக் கொள்ளையிடுவதுதான் நல்லது என்றால் உங்களோடு நானும் சேர்ந்து கொள்ளையிடத் தயார், ஆனால் அவர்களின் மாட்டையும் விதையையும் அழித்துவிட்டு நாளைக்கு எங்கே போய்ச் சோறு கேட்பீர்கள்? இப்பேச்சில் கணக்கும் இருக்கின்றது. அவர்களும் நம்மைப் போன்ற மனிதரே, அவர்தம் மனைவி மக்கள்மீது அவர்களுக்கும் பாசம் உண்டு என்னும் நினைவூட்டலும் இருக்கின்றது. முகலாய அவையிலோ செல்ஜூக் அவையிலோ இவ்வாறு பேச வேண்டிய தேவை இராது. கொள்ளையே வாழ்வு என்று பழகிய ஒரு படையிடம் பேசுவதற்கு இந்த மொழியே பயன்பட்டது.

குறைகளும் இருந்தன. 1303 இல் படைவீரருக்கு நிலம் இக்தாவாக வழங்கப்பட்டபோது, 30 ஆண்டுகளுக்குள் ஊரைவிட்டு ஓடிய குடியானவர் திரும்பக் கொண்டுவரப்பட வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. வரிச்சுமையிலிருந்து காத்த அதே கை அவரை மண்ணோடு பிணைத்தது.

திமிஷ்க்கின் வாயிலில்

காஸானின் மறுபக்கத்தை ஷாம் நாடு கண்டது. மம்லூக் படையினர் மார்தீன் பகுதியில் புகுந்து அட்டூழியம் செய்தனர் என்பதைக் காரணமாகக் காட்டி, உலமாக்களின் ஃபத்வாவையும் பெற்றுக்கொண்டு, 1299 இறுதியில் அவர் யூப்ரடீஸைக் கடந்தார். டிசம்பரில் ஹிம்ஸுக்கு அருகே வாதீ கஸ்னதாரில் நிகழ்ந்த போரில், 14 வயதே நிரம்பிய சுல்தான் நாஸிர் முஹம்மதின் படை தோற்றது. அவருடன் ஆர்மீனிய, ஜார்ஜியக் கிறிஸ்தவப் படைகளும் வந்திருந்தன. திமிஷ்க் நகரம் காவலற்று நின்றது.

அப்போது உலமாக்களும் நகரப் பெரியோரும் அடங்கிய ஒரு குழு நபக் என்னுமிடத்தில் காஸானைக் கண்டு உயிர்ப்பாதுகாப்பு வேண்டிற்று. அக்குழுவில் 36 வயதான இப்னு தைமிய்யாவும் இருந்தார். ஹர்ரானில் பிறந்த அவர், மங்கோலியருக்கு அஞ்சிப் பெற்றோருடன் திமிஷ்க்குக்குக் குடிபெயர்ந்த சிறுவராக இருந்தவர். நீர் முஸ்லிம் என்று கூறிக்கொண்டு முஸ்லிம்கள்மீது படையெடுத்து வந்திருக்கின்றீர் என்று அவர் மன்னரிடம் அஞ்சாது பேசியதாக ஷாம் நாட்டு ஆசிரியர்கள் எழுதுகின்றனர். பாதுகாப்பு வழங்கப்பட்டது. அந்த ஆணை உமய்யாப் பள்ளியில் படிக்கப்பட்டது. குத்பாவில் காஸானின் பெயர் ஒலித்தது. ஆயினும் நகருக்கு வெளியேயிருந்த ஸாலிஹிய்யாப் பகுதி சூறையாடப்பட்டது, பலர் சிறைபிடிக்கப்பட்டனர், கோட்டை மட்டும் பணியவில்லை. இப்னு தைமிய்யா மங்கோலியத் தளபதியரிடம் சென்று கைதிகளின் விடுதலைக்காக வாதாடினார். முஸ்லிம்களை மட்டும் விடுவிக்க அவர்கள் முன்வந்தபோது, யூதரும் கிறிஸ்தவரும் எங்கள் பொறுப்பில் உள்ள திம்மிகள், அவர்களையும் விட வேண்டும் என்று வற்புறுத்தியதை அவரே பிற்காலத்தில் சைப்ரஸ் மன்னருக்கு எழுதிய மடலில் நினைவுகூர்கின்றார்.

1300 பிப்ரவரியில் காஸான் திரும்பினார். சில மாதங்களில் ஷாம் மீண்டும் மம்லூக்குகள் வசமாயிற்று. அந்த ஆண்டின் குளிர்காலப் படையெடுப்பு மழையாலும் சேற்றாலும் தடைப்பட்டது. 1302 இல் அவர் போப் எட்டாம் போனிஃபேஸுக்கு எழுதிய மடல் இன்றும் உள்ளது. மம்லூக்குகளுக்கு எதிராக ஐரோப்பியக் கிறிஸ்தவ மன்னர்களின் துணையை நாடும் மங்கோலியக் கொள்கையை அவர் கைவிடவில்லை. ஹிஜ்ரி 702 ரமழானில் (1303 ஏப்ரல்), திமிஷ்க்குக்குத் தெற்கே மர்ஜுஸ் ஸுஃப்பரில், குத்லுக் ஷா தலைமையில் வந்த அவரது படை முறியடிக்கப்பட்டது. போர்க்களத்தில் நோன்பை விடலாம் என்று இப்னு தைமிய்யா தீர்ப்பளித்துத் தாமே படையினருடன் நின்றார். கலிமா மொழிந்தும் யாஸாவைப் பின்பற்றி முஸ்லிம் நாட்டைத் தாக்கும் இப்படையை எதிர்ப்பது கடமையே என்பது அவரது ஃபத்வா. இத்தீர்ப்பைப் பற்றிப் பிற்கால அறிஞர்கள் எழுதியவை மிகப் பல. இதனைப் பிற்காலத்தில் வேறு சூழல்களுக்கு எடுத்தாண்டோர், அது எழுந்த களத்தை, அதாவது வாக்குக் கொடுத்தபின்னும் சூறையாடிய ஒரு படையை எதிர்நோக்கி நின்ற ஒரு நகரத்தை, மறந்துவிட்டனர்.

மஅபர் கரையில் ஓர் அடக்கத்தலம்

காஸானின் பாரசீகத்துக்கும் நம் தமிழ்க் கடற்கரைக்கும் இருந்த தொடர்பை வஸ்ஸாஃபின் நூல் தெளிவாகக் காட்டுகின்றது. கொல்லத்திலிருந்து நெல்லூர் வரையிலான கரையை அரபியரும் பாரசீகரும் மஅபர் என்றனர். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவை மையமாகக் கொண்டு வணிகம் நடத்தியவர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் தீபி; மலிக்குல் இஸ்லாம் என்னும் பட்டம் பெற்றவர். ஃபார்ஸ் மாநிலத்தின் வரிவசூல் குத்தகையும் அவரிடமே இருந்தது. அவர் தம் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான், வஸ்ஸாஃப் சுந்தர பாண்டியன் என்று குறிக்கும் மன்னரின் அமைச்சராக விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளுள் 1,400 ஐ ஆண்டுதோறும் அனுப்புவதென்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் விலை உண்டு என்றும் உடன்பாடு இருந்தது. அந்தப் பொன்னைப் பாண்டிய நாடு செலுத்தியது. ஆயினும் தட்பவெப்பமும் பொருந்தா உணவும் காரணமாகக் குதிரைகள் விரைவில் மாண்டன. ஆண்டுதோறும் புதியவை தேவைப்பட்டன. இதே காலத்தில் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் இக்குதிரை வணிகத்தைக் கூறுகின்றார். சீனத்திலிருந்து அர்கூனுக்கு மணமகளாக அனுப்பப்பெற்ற கோகச்சின் என்னும் இளவரசியைக் கடல்வழியே அழைத்து வந்தோருள் போலோவும் ஒருவர். அவர்கள் வந்து சேர்ந்தபோது அர்கூன் உயிருடன் இல்லை. இளவரசியைக் காஸான் மணந்தார்.

ஹிஜ்ரி 697 இல் ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மதைக் காஸான் தம் தூதராகச் சீனப் பேரரசர் தைமூரிடம் அனுப்பினார். வணிகத்துக்கான முதலும் அரசு கஜானாவிலிருந்தே தரப்பட்டது. சில ஆண்டுகள் அங்குத் தங்கித் திரும்பி வருகையில், மஅபரை அடைவதற்குச் சற்று முன் ஃபக்ருத்தீன் காலமானார். அவரை மஅபர் மண்ணில், தம் தந்தையின் சகோதரர் அடக்கத்தலத்தின் அருகே அடக்கினர் என்று வஸ்ஸாஃப் எழுதுகின்றார். அது ஹிஜ்ரி 704 இன் இறுதி (1305). அவரை அனுப்பிய மன்னர் அதற்கு ஓராண்டு முன்பே மறைந்து விட்டார். வரிச்சுவடிகளைத் திருத்திய ஆட்சியே, பெருவணிகருக்கு மாநில வரியைக் குத்தகை விடும் பழைய முறையையும் கைக்கொண்டிருந்தது என்பதையும் இக்குடும்பத்தின் வரலாறு உணர்த்துகின்றது.

மாடமும் நூலும்

மங்கோலிய மன்னர்களை மறைவிடத்தில் அடக்கி, அவ்விடத்தை யாரும் அறியாதவாறு காப்பது அவர் குலவழக்கம். காஸான் அவ்வழக்கை உடைத்தார். மர்வில் சுல்தான் ஸன்ஜரின் அடக்கத்தலத்தைக் கண்டிருந்த அவர், தப்ரேஸின் மேற்கே தமக்கெனப் பெரிய மாடமொன்றை எழுப்பினார். அதனைச் சூழப் பள்ளிவாசல், ஹனஃபி, ஷாஃபியி மதரஸாக்கள், கானகா, மருத்துவமனை, வானாய்வுக்கூடம், நூலகம், ஸாதாத்துமார் தங்கும் இல்லம் ஆகியவை அமைந்தன. இவற்றுக்கென எழுதிய வக்ஃபில் சில பகுதிகள் உள்ளத்தைத் தொடுவன. அநாதைக் குழந்தைகளுக்குக் குர்ஆன் கற்பிக்கப்பட வேண்டும். தண்ணீர் எடுக்கச் செல்லும் பணிப்பெண்களும் சிறுவரும் குடத்தை உடைத்துவிட்டால், எசமானர் அடிக்காதிருக்கும்பொருட்டு வேறு குடம் வாங்கித் தரப்பட வேண்டும். பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தானியம் தூவ வேண்டும்.

தம் குலத்தின் வரலாற்றை எழுதுமாறு ரஷீதுத்தீனைப் பணித்ததும் காஸானே. மங்கோலிய மரபுகளை அறிந்திருந்த போலாத் என்னும் பெருமகன் அவருக்குத் துணை நின்றார். காஸானின் காலத்தில் தொடங்கிய அந்நூல், அவரை அடுத்து ஆண்ட அவர் தம்பி உல்ஜாய்த்துவிடம் அளிக்கப்பெற்றது. பின்னர்ச் சீனர், இந்தியர், யூதர், ஐரோப்பியர் ஆகியோரின் வரலாறுகளும் சேர்க்கப்பட்டு விரிந்தது. இந்தியப் பகுதிக்குக் காஷ்மீரத்துப் பௌத்தர் கமலஸ்ரீ தகவல் தந்தார். அதன் அரபுக் கையெழுத்துப் படியின் பகுதிகள் இன்று எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் லண்டனின் கலீலி சேகரிப்பிலும் உள்ளன. பக்தாதின் நூலகங்களைப் பாழாக்கியவரின் கொள்ளுப்பேரர் ஆணையிட்டு எழுந்த நூல் அது.

முடிவுரை

1304 மே மாதத்தில், கஸ்வீனுக்கு அருகே, 32 ஆம் வயதில் காஸான் மறைந்தார். தாம் கட்டிய மாடத்திலேயே அடக்கமானார். 1318 இல், உல்ஜாய்த்துவின் மகன் அபூ ஸயீதின் ஆட்சியில், 70 வயதைக் கடந்த ரஷீதுத்தீன் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். தப்ரேஸில் அவர் நிறுவிய கல்விநகரான ரப்ஏ ரஷீதீ கொள்ளையிடப்பட்டது. 1335 இல் அபூ ஸயீது வாரிசின்றி மறைய, இல்கானிய அரசு சிதைந்தது. காஸானின் மாடத்தில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஆயினும் பாரசீகத்தை ஆண்ட மங்கோலியர் அவருக்குப் பின் முஸ்லிம்களாகவே தொடர்ந்தனர். பக்தாதின் வீழ்ச்சியோடு முடிந்துவிட்டதாகத் தோன்றிய ஒரு நாகரிகம், வீழ்த்தியவர்களின் அரண்மனையிலேயே மதரஸாவும் மருத்துவமனையுமாக மீண்டும் தழைத்தது. இதனை நாம் நன்றியுடன் நினைக்கின்றோம். அதே நினைவில் ஸாலிஹிய்யாவின் கைதிகளையும், இடிக்கப்பட்ட வழிபாட்டிடங்களையும் சேர்த்தே வைத்தல் வேண்டும். ஒரு மன்னர் கலிமா மொழிந்தார் என்பதைக் கொண்டு அவர் செய்த யாவற்றையும் நியாயப்படுத்தினால், அந்தக் கலிமாவின் அளவுகோலையே நாம் கைவிட்டவர்களாவோம். காஸானின் முகத்துக்கு நேரே அக்கேள்வியை எழுப்பிய திமிஷ்க் உலமாக்கள் அவரது இஸ்லாத்தை இகழவில்லை; அது கோரும் நீதியை அவரிடம் கேட்டனர். பெயர் எழுதப்படாத பாரசீகக் குடியானவரும் தம் ஊரில் நட்டிருந்த கல்லைச் சுட்டிக் காட்டி, அதே நீதியைத்தான் வரிதண்டுவோரிடம் கேட்டார்.